ஒரு வாலிபால் அணியின் வரலாற்றைத் தோல்விகளிலிருந்து தொகுப்பது எப்படி

அமெரிக்கக் கல்லூரிப் பெண்கள் வாலிபாலைப் பார்க்கத் தொடங்குகிறவர்கள் முதலில் தேடுவது கோப்பைக் கணக்கைத்தான். ஸ்டான்ஃபோர்டு 9, பென் ஸ்டேட் 8, நெப்ராஸ்கா 5. கணக்கு சரிதான். ஆனால் ஓர் அணி எப்படி வளர்ந்தது, எங்கே உடைந்தது, எப்படி மீண்டது என்பதெல்லாம் அதில் தெரியாது. அது தெரிய வேண்டுமென்றால் நீங்களே உட்கார்ந்து ஒரு நோட்டில் எழுதிப் பார்க்க வேண்டும். கல்லூரியில் செட்டராக (அடிப்பவருக்குப் பந்தைத் தூக்கிக் கொடுப்பவராக) ஆடிய காலத்திலிருந்தே எனக்கு இந்தப் பழக்கம் உண்டு. பென் ஸ்டேட் பல்கலைக்கழக அணிக்கு எழுதிய நோட்டை வைத்தே முறையைச் சொல்கிறேன்.

ஒரு லாங் சைஸ் நோட்டு எடுத்துக்கொள்ளுங்கள். ஆண்டுக்கு ஒரு வரி. ஆண்டு, கடைசி ஆட்டம், எதிரணி, ஊர், செட் கணக்கு என்று ஐந்து கட்டங்கள் போதும். அந்த ஆண்டு எத்தனை வெற்றி என்பதை இப்போதைக்கு எழுத வேண்டாம். கடைசி ஆட்டம்தான் முக்கியம். தேசியப் போட்டி நாக் அவுட் முறை. 64 அணிகள் உள்ளே போனால் 63 அணிகள் தோற்றுத்தான் வீட்டுக்குப் போகும். அதனால் எந்தப் பெரிய அணியை எடுத்தாலும் அதன் நோட்டில் பெரும்பாலான வரிகள் தோல்வியில்தான் முடியும். அந்தத் தோல்விகளை வரிசையாகப் படிக்கப் பழகுவதுதான் இந்த வேலையில் பாதி.

பழகுவதற்கு நான் பென் ஸ்டேட்டைச் சொல்லக் காரணம் உண்டு. அமெரிக்கக் கல்லூரி விளையாட்டை நடத்தும் என்.சி.ஏ.ஏ. சங்கத்தின் பெண்கள் வாலிபால் போட்டி தொடங்கிய 1981 முதல் ஒவ்வொரு முறையும் தகுதி பெற்ற ஒரே அணி அதுதான். நோட்டில் ஒரு வரிகூடக் காலியாக இருக்காது.

1981-க்கு முன்னால் என்ன என்று கேட்கலாம். கேட்கத்தான் வேண்டும். அதுவரை பெண்கள் கல்லூரி விளையாட்டை நடத்தியது ஏ.ஐ.ஏ.டபிள்யூ. என்ற தனிச் சங்கம். 1981-ல் இரண்டு அமைப்புகளும் தனித்தனியே தேசியப் போட்டி நடத்தின. என்.சி.ஏ.ஏ. கோப்பை தெற்குக் கலிபோர்னியா பல்கலைக்கழகத்துக்கு, ஏ.ஐ.ஏ.டபிள்யூ. கோப்பை டெக்சாஸுக்கு. பழைய அணிகளுக்கு எழுதும்போது இதற்கென்று தனிப் பக்கம் ஒதுக்குங்கள். பல பட்டியல்கள் 1981-லிருந்து மட்டுமே தொடங்குகின்றன. அதற்கு முன்னால் பத்து ஆண்டுகளுக்கு மேல் ஆடிய பெண்களின் உழைப்பு அப்படியே விடுபட்டுப் போகிறது. எனக்கு அது பொறுக்காது.

அடுத்தது சுற்றுகளின் பெயர். 1981-ல் மொத்தமே 20 அணிகள். 64 ஆனது 1998-ல்தான். அதனால் ‘இரண்டாம் சுற்றில் தோல்வி’ என்று எழுதினால் 1980-களில் ஒரு பொருள், இன்று வேறு பொருள். சுற்றின் பெயருக்குப் பதிலாக ‘கடைசி 16-ல்’, ‘கடைசி 4-ல்’ என்று எழுதுங்கள். எந்தக் காலத்து வரியையும் எந்தக் காலத்து வரியோடும் ஒப்பிட முடியும்.

செட் கணக்கிலும் இதே கவனம் வேண்டும். 2001-க்கு முன்பு முதல் நான்கு செட்டுகளில் சர்வீஸ் போடும் அணிக்குத்தான் புள்ளி, செட் 15-க்கு. 2001-ல் யார் சர்வீஸ் போட்டாலும் எல்லா ரேலிக்கும் புள்ளி என்று மாறி, செட் 30-க்குப் போனது. 2008-லிருந்து 25. ஐந்தாவது செட் மட்டும் 15. பழைய 15-3 செட்டைப் பார்த்து ‘சீக்கிரம் முடிந்த ஆட்டம்’ என்று நினைக்காதீர்கள். புள்ளியே இல்லாமல் சர்வீஸ் கைமாறிக்கொண்டே இருந்த நேரமெல்லாம் அந்த எண்ணில் தெரியாது.

சரி, இனி நோட்டின் மிக நல்ல பக்கத்துக்கு வருவோம். பென் ஸ்டேட்டின் 1993, 1997, 1998 வரிகளை ஒன்றாகப் படியுங்கள். மூன்றும் இறுதி ஆட்டத் தோல்வி. 1993-ல் லாங் பீச் ஸ்டேட்டிடம். 1997-ல் ஸ்போக்கேன் நகரில் ஸ்டான்ஃபோர்டிடம், ஐந்து செட். 1998-ல் மேடிசன் நகரில் மறுபடியும் லாங் பீச் ஸ்டேட், மறுபடியும் ஐந்து செட். 1998 இறுதிக்கு இரண்டு அணிகளும் அந்தப் பருவத்தில் ஓர் ஆட்டம்கூடத் தோற்காமல் வந்திருந்தன. முதல் இரண்டு செட்டை இழந்த பென் ஸ்டேட் அடுத்த இரண்டையும் பிடித்து, ஐந்தாவதில் விழுந்தது. லாங் பீச் 36-0 என்று முடித்தது. தோல்வியே இல்லாமல் என்.சி.ஏ.ஏ. பட்டம் வென்ற முதல் பெண்கள் அணி அது.

இங்கே எதிரணியின் பெயரோடு நின்றுவிடாமல் எதிரே நின்ற வீராங்கனை யார் என்றும் ஒரு பார்வை பாருங்கள். 1998-ல் லாங் பீச்சின் செட்டர் மிஸ்டி மே. 1997-ல் ஸ்டான்ஃபோர்டில் ஆடியவர் கெர்ரி வால்ஷ். பிற்பாடு 2004, 2008, 2012 ஒலிம்பிக்கில் மணல் வாலிபால் தங்கத்தைச் சேர்ந்து வென்ற அதே ஜோடி. அடுத்தடுத்த ஆண்டுகளில் அந்த இருவரின் அணிகளிடம் ஐந்தாவது செட் வரை போராடித் தோற்ற அணியை ‘இறுதியில் சொதப்பும் அணி’ என்று யாராவது சொன்னால் நான் ஒப்புக்கொள்ளவே மாட்டேன்.

1999 வரி: ஹொனலுலு, எதிரணி ஸ்டான்ஃபோர்டு, 3-0. பென் ஸ்டேட்டின் முதல் பட்டம். மிசிசிப்பி ஆற்றுக்குக் கிழக்கே இருந்து ஓர் அணி என்.சி.ஏ.ஏ. பட்டம் வென்றது அதுவே முதல் முறை. 1981 முதல் 1987 வரை கோப்பை கலிபோர்னியாவையும் ஹவாயையும் விட்டு வெளியே போகவே இல்லை என்பதைப் பக்கத்தில் எழுதி வையுங்கள். அப்போதுதான் இந்த வரியின் எடை புரியும்.

பிறகு வருகிற 2007 முதல் 2010 வரையிலான நான்கு தொடர் பட்டங்களை எல்லோரும் சொல்வார்கள், 109 தொடர் வெற்றிகளையும் சொல்வார்கள். அந்தத் தொடருக்கு முன்னால் வந்த தோல்வி எது, பின்னால் வந்த தோல்வி எது என்று பாருங்கள். இரண்டுமே ஸ்டான்ஃபோர்டு: 2007 செப்டம்பர், 2010 செப்டம்பர். பெரிய எண் கண்ணில் பட்டால் அதன் இரு முனைகளையும் தேடிப் பிடிப்பது நல்ல பழக்கம். தொடருக்கு உள்ளேயும் போய்ப் பாருங்கள். 2008 முழுவதிலும் பென் ஸ்டேட் இழந்தது இரண்டே செட். இரண்டும் ஒரே இரவில், ஒமாஹாவில் நடந்த அரையிறுதியில், நெப்ராஸ்காவிடம். 2009 இறுதியில் டெக்சாஸ் முதல் இரண்டு செட்டை எடுத்தது. டெக்சாஸின் டெஸ்டினி ஹூக்கர் 34 ஸ்மாஷ்களைப் புள்ளியாக்கினார், தொடரின் சிறந்த வீராங்கனை விருதும் அவருக்குத்தான். இருந்தும் பென் ஸ்டேட் ஐந்து செட்டில் வென்றது. ‘38-0’ என்ற எண்ணை மட்டும் பார்ப்பவருக்கு அந்த 38-வது ஆட்டம் எவ்வளவு விளிம்பில் இருந்தது என்று தெரியாது.

ஊர்க் கட்டத்தைச் சும்மா நிரப்பாதீர்கள். முதல் இரண்டு சுற்றுகள் முன்னிலைத் தரவரிசை பெற்ற அணிகளின் சொந்த அரங்கில் நடக்கும். கடைசி நான்கு அணிகளின் ஆட்டங்களுக்கு முன்கூட்டியே ஒரு நகரத்தைத் தேர்ந்தெடுப்பார்கள். அந்த நகரம் ஏதோ ஓர் அணிக்குச் சொந்த ஊராக அமைந்துவிடுவதும் உண்டு. 2008-ல் ஒமாஹா என்றால் அரங்கம் முழுக்க நெப்ராஸ்கா ரசிகர்கள். நெப்ராஸ்கா 2006-லும் 2015-லும் பட்டம் வென்றதும் அதே ஒமாஹாவில்தான். 2024 இறுதி லூயிவில் நகரில், எதிரணி லூயிவில் பல்கலைக்கழகம். பென் ஸ்டேட் அங்கே 3-1 என்று வென்றது. ஊரை எழுதாமல் விட்டால் இந்த வெற்றியின் பாதி காணாமல் போகும்.

ஆண்டு வரிகள் முடிந்ததும் நோட்டைத் திருப்பிப் பின்பக்கத்திலிருந்து எதிரணிவாரியாக எழுதுங்கள். எனக்கு மிகவும் பிடித்த வேலை இது. பென் ஸ்டேட் நோட்டில் நெப்ராஸ்கா பக்கத்தைப் பாருங்கள். 2016, கடைசி 16-ல்: பென் ஸ்டேட் 2-0 முன்னிலை, மூன்றாவது செட்டில் மேட்ச் பாயிண்ட் வரை போய்த் தோல்வி. 2017, அரையிறுதி: மறுபடி மேட்ச் பாயிண்ட், மறுபடி ஐந்து செட்டில் தோல்வி. 2024, அரையிறுதி: இந்த முறை நெப்ராஸ்கா 2-0 முன்னிலை, நான்காவது செட்டில் 22-16. அங்கிருந்து மேட்ச் பாயிண்டுகளைக் காப்பாற்றி பென் ஸ்டேட் ஐந்தாவது செட்டில் வென்றது. 2024-ஐத் தனியாகப் பார்த்தால் அது ஓர் அதிசயம். மேலே இருக்கும் இரண்டு வரிகளோடு சேர்த்துப் படித்தால், எட்டு ஆண்டுகள் கழித்து வந்து சேர்ந்த பதில்.

கடைசியாக ஆட்களுக்கு ஒரு கட்டம். ரஸ் ரோஸ் 1979 முதல் 2021 வரை பயிற்சியாளர், 7 பட்டங்கள். அவருக்குப் பின் வந்தவர் கேட்டி ஷூமாக்கர்-காலி. அவர் பெயரை 1999 வரியிலும் எழுத வேண்டும், முதல் பட்டம் வென்ற அணியில் ஆடியவர் அவர். 2024 பருவத்தில் மார்பகப் புற்றுநோய்க்குச் சிகிச்சை எடுத்துக்கொண்டே பயிற்சி கொடுத்து, என்.சி.ஏ.ஏ.வின் மேல்மட்டப் பிரிவான டிவிஷன் 1-ல் பெண்கள் வாலிபால் பட்டம் வென்ற முதல் பெண் தலைமைப் பயிற்சியாளர் ஆனார். அதற்கு 1981 முதல் 43 ஆண்டுகள் ஆகியிருக்கின்றன. பயிற்சியாளர் பெயரை ஒவ்வொரு வரியிலும் எழுதிப் பார்த்தால்தான் இந்த இடைவெளி உறைக்கும். அன்று தோற்ற லூயிவில் அணிக்கும் ஒரு பெண்தான் பயிற்சியாளர்: டேனி பஸ்பூம் கெல்லி, 2006-ல் நெப்ராஸ்காவுக்காக ஆடிப் பட்டம் வென்றவர்.

ஒரு சின்ன எச்சரிக்கை. 2020 போட்டி கொரோனாவால் 2021 ஏப்ரலில், 48 அணிகளோடு, முழுக்க ஒமாஹாவிலேயே நடந்தது. கென்டக்கி வென்றது. ஆண்டுக் கட்டத்தில் 2020 என்றே எழுதி, பக்கத்தில் தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் 2021-க்கு இரண்டு சாம்பியன்கள் வந்துவிடுவார்கள். அந்த டிசம்பரில் வென்றது விஸ்கான்சின்.

ஒவ்வொரு கணக்கையும் பல்கலைக்கழகத்தின் பதிவேட்டிலும் என்.சி.ஏ.ஏ.வின் பதிவேட்டிலும் ஒப்பிட்டுப் பார்த்த பிறகே பேனாவால் எழுதுங்கள், அதுவரை பென்சில். பென் ஸ்டேட் முடிந்ததும் அடுத்த நோட்டுக்கு ஸ்டான்ஃபோர்டை எடுக்கலாம். 1997, 1999, 2007, 2008 இறுதி ஆட்டங்கள் நான்கும் ஏற்கெனவே உங்கள் கையில் இருக்கின்றன, எதிர்ப்பக்கத்திலிருந்து எழுதினால் போதும். 2020-ல் ஸ்டான்ஃபோர்டு தகுதி பெறவில்லை, அதற்கு மட்டும் அந்த நோட்டில் ஒரு காலி வரி விட வேண்டியிருக்கும்.