ஐ7 ஸ்டிக்கரும் பழைய லெப்டொப்பும்

கிழக்குப் பல்கலைக்கழகம் கிடைத்த சந்தோசத்தில் அக்காவின் மகன் கல்முனைக்குப் போய், பாவித்த லெப்டொப் ஒன்றோடு வந்தான். "மாமா, ஐ7!" என்று ஸ்டிக்கரைக் காட்டினான். ஐ7 என்பது லெப்டொப்பின் மூளையான இன்டெல் ப்ரொசெஸரின் பெயர். சிஸ்டம் விபரத்தைத் திறந்து பார்த்தேன்: ஐ7-4600யூ. 2013இல் வந்தது, வேலையைப் பகிர்ந்து செய்யும் கோர் இரண்டேதான். பிந்தி வந்த ஐ3-1215யூவில்கூட ஆறு கோர் உண்டு.

ஐ3, ஐ5, ஐ7 என்பதெல்லாம் ஒரே தலைமுறைக்குள் உள்ள தரவரிசை. வயதைச் சொல்வது அடுத்து வரும் எண்ணின் தொடக்கம்தான். 4600 என்றால் நான்காம் தலைமுறை, 8250 எட்டாவது, 1215 பன்னிரண்டாவது. விண்டோஸ் 11ஐ மைக்ரோசொஃப்ட் ஏற்பது பெரும்பாலும் எட்டாவதிலிருந்துதான். விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவோ 2025 ஒக்டோபர் 14உடன் முடிந்துவிட்டது. "பழசிலயும் 11 போட்டுத் தாறன்" என்பார்கள். போடலாம்தான், ஆனால் அப்டேட் தொடர்ந்து வரும் என்று யாரும் பொறுப்பேற்க மாட்டார்கள்.

சரி, வாங்கியாயிற்று. ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி, அதைவிட வேகமான எஸ்எஸ்டி போட்டு, விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற இலவச ஒப்பரேட்டிங் சிஸ்டத்தை ஏற்றினோம். மெசின் நன்றாகவே ஓடுகிறது. அவனுடைய பல்கலைக்கழகம் இருக்கும் வந்தாறுமூலையில் கலைப்பீடத்தில் கட்டுரை எழுத, வேர்டுக்குப் பதிலான இலவச லிப்ரே ஒஃபிஸ் போதும். வேர்டில் செய்த அட்டவணை சிலவேளை இடம் மாறும், அவ்வளவுதான்.

இதைப் பார்த்துவிட்டு எல்லோரும் லினக்ஸுக்கு ஓட வேண்டாம். ஒலுவிலில் பொறியியல் படிக்கும் அவனுடைய கூட்டாளிக்கு இது சரிவராது. வரைபடம் வரையும் ஆட்டோகேட் லினக்ஸில் ஓடாது. அச்சகத்தில் ஃபொட்டோஷொப்போடு மல்லுக்கட்டுபவருக்கும் அதே கதை. எந்த மென்பொருளைத் தினமும் திறப்பீர்கள் என்பதை முதலில் எழுதுங்கள். ஒப்பரேட்டிங் சிஸ்டத்தை அதுவே சொல்லிவிடும், மெசின் அதற்கு அப்புறம். நம்மவர்கள் செய்வது தலைகீழாக.

மேக் வாங்கக் காசு இருந்தால் வாங்குங்கள். ஆனால் இப்போதைய மேக்புக்குகளில் ரேம் என்ற நினைவகத்தைப் பிறகு கூட்ட முடியாது. வாங்கும்போதே யோசிக்க வேண்டும்.

பாவித்ததில் பற்றரியைப் பார்க்காமல் காசு கொடுப்பதுதான் எனக்குப் பொறுக்காத தவறு. கரண்ட் போனால் தெரியும் அதன் அருமை. புதிதாக இருந்தபோது எவ்வளவு கொள்ளளவு, இப்போது எவ்வளவு என்று விண்டோஸே ஒரு பற்றரி அறிக்கை தரும், கேட்டு வாங்குங்கள். பிறகு சார்ஜரைக் கழற்றி, கடையிலேயே அரை மணித்தியாலம் ஒரு வீடியோவை ஓட விடுங்கள். கடைக்காரர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.