டிஎல்எல் இல்லை என்று பழைய கொம்பியூட்டர் அடம் பிடித்தால்

யாழ்ப்பாணத்தில் விண்ணப்பம் அடித்துக் கொடுக்கும் சின்னக் கடைகளில் விண்டோஸ் 7 கொம்பியூட்டர்களை இன்னும் பார்க்கலாம். பாமினி எழுத்துருவில் தட்ட அது தாராளம். புதிதாக ஏதாவது மென்பொருள் போட்டால்தான் ‘எம்எஸ்விசிபி140 டிஎல்எல் இல்லை’ என்று ஒரு பெட்டி வந்து நிற்கும். டிஎல்எல் என்பது பல மென்பொருள்கள் பகிர்ந்து பயன்படுத்தும் துணைக் கோப்பு. உடனே கூகுளில் தேடி, கண்ட தளத்திலிருந்து அந்த ஒற்றைக் கோப்பை இறக்காதீர்கள். கூடவே வைரஸும் வந்துவிடலாம்.

அந்தக் கோப்பு மைக்ரோசொஃப்ட் இலவசமாகத் தரும் விஷுவல் சி பிளஸ் பிளஸ் தொகுப்பில் இருக்கிறது. விண்டோஸ் 64 பிட் என்றால் எக்ஸ்86 (32 பிட்), எக்ஸ்64 (64 பிட்) இரண்டையும் நிறுவுங்கள். பலர் கோட்டை விடுவது இங்கேதான்: 32 பிட் மென்பொருளுக்கு வேண்டியது எக்ஸ்86, மற்றதை எத்தனை முறை போட்டாலும் பிழை போகாது. விண்டோஸ் 7 என்றால் 2015 பதிப்பை எடுங்கள். சேர்விஸ் பேக் 1 என்ற விண்டோஸ் மேம்படுத்தல் தொகுப்பு இல்லாமல் அது ஏறாது.

கரண்ட் திடீரென்று போய் விண்டோஸின் சொந்தக் கோப்பே பழுதாகியிருந்தால் கதை வேறு. கமாண்ட் ப்ராம்ப்டை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து, எஸ்எஃப்சி, ஓர் இடைவெளி, முன்சாய்வுக்கோடு, ஸ்கேன்நவ் என்று ஆங்கிலத்தில் தட்டுங்கள். அது பழுதான விண்டோஸ் கோப்புகளைத் தேடிச் சரிசெய்யப் பார்க்கும். முடியும்வரை மூடாதீர்கள். யுபிஎஸ் இருந்தால் நல்லது.

அப்புறமும் கோப்புகள் பழுதாகிக்கொண்டே இருந்தால் ஹார்ட் டிஸ்க்கைச் சந்தேகப்படுங்கள். வேறு எதையும் தொடுவதற்கு முன் முக்கியமானவற்றை பென்ட்ரைவில் எடுத்து வையுங்கள்.