“இன்னும் முப்பது பர்சன்ட் இருக்குண்ணா!”: ஆர்.சி. விமான பேட்டரிக் கணக்கில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன ஞாயிற்றுக்கிழமை காலை. சேலம் பக்கத்துப் பனமரத்துப்பட்டி ஏரிக்குள், தண்ணீரும் சீமைக் கருவேலமும் இல்லாத ஒரு துண்டு நிலத்தில் நின்றிருந்தோம். (ஓமலூர்ப் பக்கம் எவ்வளவு நல்ல இடம் கிடைத்தாலும் போவதில்லை. கமலாபுரத்தில் விமான நிலையம் இருக்கிறது.) இன்ஜினியரிங் படிக்கிற பையன் ஒருவன், தானே சன்போர்டு அட்டையில் வெட்டி ஒட்டிய ஆர்.சி. விமானத்தை, அதாவது ரிமோட்டில் பறக்கிற குட்டி விமானத்தை, அழகாக இறக்கினான். பேட்டரியைக் கழற்றி, மீதியைக் காட்டுகிற செக்கரில் செருகிப் பார்த்தான்.

“அண்ணா, இன்னும் முப்பது பர்சன்ட் இருக்குண்ணா. ஒரே ஒரு ரவுண்டு!”

மறுபடி மாட்டப் போன கையைப் பிடித்து நிறுத்தினேன். பையனுக்கு முகம் வாடிவிட்டது. இதே வசனத்தை நான் ஏற்காட்டில் பேசியபோது என் கையைப் பிடிக்க யாரும் இல்லை.

சார்ஜ் போட மறப்பது, பிளஸ் மைனஸ் மாற்றிச் செருகுவது பற்றியெல்லாம் இங்கே எழுதப்போவதில்லை. ஒரு தடவை புகை வந்தால் அவை தானாகவே திருந்திவிடும். திருந்தாமல் வருஷக்கணக்கில் கூடவே வருகிற தவறுகள் வேறு.

இறக்கிய பிறகு அளந்து பார்த்து, மறுபடி பறக்கவிடுவது

இந்த விமானங்களில் மாட்டுகிற லிப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரியின் ஒரு செல் முழு சார்ஜில் 4.2 வோல்ட். 3 வோல்ட்டுக்குக் கீழே போனால் செல் கெட ஆரம்பிக்கும். இந்த இரண்டுக்கும் நடுவே வோல்ட் படிப்படியாக, சீராக இறங்கும் என்று மனசு தானாகக் கணக்குப் போட்டுக்கொள்கிறது. ஆனால் அது இறங்கும் விதமே வேறு. முதலில் கொஞ்சம் விறுவிறுவென்று இறங்கும். பிறகு 3.9-லிருந்து 3.7 வரை ஆமை வேகம். அதற்கப்புறம் கிணற்றில் போட்ட கல். சார்ஜின் பெரும்பகுதி அந்த ஆமை வேகத்திலேயே தீர்ந்துபோகிறது.

எங்கள் அம்மா சிலிண்டர் மாற்றிய தேதியைக் காலண்டரில் எழுதி வைப்பார். அடுப்புத் தீயைப் பார்த்து கேஸ் எவ்வளவு மீதி என்று சொல்ல முடியாது என்பது அவருக்குத் தெரியும். கடைசி நாள்வரை ஒரே மாதிரி எரியும், சாம்பார் பாதி கொதிக்கும்போது அணையும். அணைந்ததைச் சற்று நேரம் விட்டு மறுபடி பற்றவைத்தால் ஒரு டம்ளர் டீ போடுகிற அளவுக்கு எரியும். அதை நம்பி யாராவது அரிசி களைந்து உலை வைப்பார்களா?

அந்த ஒரு டம்ளர் டீயைத்தான் செக்கர் நமக்குக் காட்டுகிறது. விமானம் தரையில் நிற்கிறது, மோட்டார் கரண்டு இழுக்கவில்லை, செல் மூச்சு வாங்கிக்கொண்டு வோல்ட்டை மேலே ஏற்றிவிட்டது. போதாததற்கு செக்கருக்குள் சார்ஜை எண்ணுகிற சமாச்சாரம் எதுவுமே கிடையாது. வோல்ட்டை அளந்து, உள்ளே வைத்திருக்கிற ஓர் அட்டவணையோடு ஒப்பிட்டு ஒரு சதவீதத்தைச் சொல்லிவிடுகிறது. ஆமை வேகப் பகுதியில் 0.01 வோல்ட் என்பது ஏறக்குறைய 3 சதவீதம். மலிவான செக்கர் 0.02 வோல்ட் தப்பாகக் காட்டுவது சர்வசாதாரணம்.

இதெல்லாம் தெரிந்தேதான் நான் மாட்டினேன். அதனால்தான் இன்றைக்கும் எரிச்சலாக இருக்கிறது.

டிசம்பர் மாதம், ஏற்காடு. காபித் தோட்டத்தை ஒட்டிய ஒரு புல்வெளி. 1.4 மீட்டர் இறக்கை கொண்ட ஃபோம் டிரெய்னர் (ஓட்டிப் பழகுவதற்கான விமானம்), இரண்டு வருஷம் பழகிய 2200 எம்ஏஎச் (மில்லி ஆம்பியர் மணி) 3எஸ் பேக், அதாவது மூன்று செல் பேட்டரி. ஆறு நிமிஷம் பறந்து இறக்கிவிட்டேன். அப்போதுதான் மைத்துனர் கார் வந்து சேர்ந்தது. இருபது கொண்டை ஊசி வளைவில் சின்னவள் வாந்தி எடுத்து, கழுவித் துடைத்து, அதனால் தாமதம். “மாமா, நாங்க பாக்கவே இல்ல” என்றது குழந்தை. செக்கரில் பார்த்தேன்: செல்லுக்கு 3.74 வோல்ட், 28 சதவீதம். மாட்டிவிட்டேன்.

பார்க்க வந்த குழந்தைக்குப் பாதி த்ராட்டிலில் (விமானத்தின் ஆக்ஸிலரேட்டர் இது) பறந்து காட்ட முடியுமா? முழு த்ராட்டிலில் செங்குத்தாக ஏற்றினேன். தோட்டத்துக்கு மேலே போய்த் திரும்பும்போது மோட்டார் அடங்கிவிட்டது. அடுத்த தப்பு அங்கே: தோட்டத்துக்கு அந்தப் பக்கம் இருந்த திறந்த சரிவில் இறக்காமல், நின்ற இடத்துக்கே கொண்டுவந்துவிடலாம் என்று, மூக்கைத் தூக்க எலிவேட்டரை இழுத்தேன். வேகம் செத்து, மூக்கைக் கவிழ்த்து, ஒரு சில்வர் ஓக் மரத்தின் உச்சாணியில் போய் உட்கார்ந்தது. மிளகு பறிக்கிற ஒற்றை மூங்கில் ஏணியைக் கொண்டுவந்து ஏறி எடுத்துக் கொடுத்த தோட்டத்து அண்ணன், உடைந்த இறக்கையை நீட்டிக்கொண்டே கேட்டார்: “பெட்ரோல் தீந்துருச்சுங்களா?”

வீட்டுக்கு வந்து போட்ட கணக்கு இது. அந்த பேக்கில் செல்லுக்கு உள்தடை 10 மில்லி ஓம். ஏற்காட்டுக் குளிரில் அது இரண்டு மடங்காகிவிடும், 20 என்று வையுங்கள். முழு த்ராட்டிலில் என் மோட்டார் 30 ஆம்பியர் இழுக்கும். 30 ஆம்பியரை 20 மில்லி ஓமால் பெருக்கினால் 0.6 வோல்ட். செக்கர் காட்டிய 3.74, த்ராட்டிலைத் தள்ளிய அந்த நொடியிலேயே 3.14. மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்துகிற கருவியான என் ஈ.எஸ்.சி., மோட்டாரை அடக்கும் அளவு 3.2. வோல்ட் இறங்காமலே இருந்திருந்தாலும் 30 ஆம்பியரில் அரை நிமிஷம் ஓட்டினால் 250 எம்ஏஎச் போய்விடும். பழசாகிவிட்ட பேக்கில் மீதி இருந்ததே அதைவிடக் கொஞ்சம்தான் அதிகம்.

சரி, மீதியை எப்படித்தான் தெரிந்துகொள்வது? அம்மாவின் காலண்டர் முறைதான். மீதியைப் பார்க்காமல் செலவை எழுதி வையுங்கள். முழு சார்ஜில் ஏற்றி, வழக்கமாகப் பறக்கிற மாதிரி 4 நிமிஷம் பறந்து இறக்குங்கள். வீட்டில் முழு சார்ஜ் போடும்போது எத்தனை எம்ஏஎச் உள்ளே போனது என்று சார்ஜர் காட்டும். 1,120 போனது என்றால் நிமிஷத்துக்கு 280. பேக்கின் நிஜக் கொள்ளளவு 2,000 என்றால் அதில் 80 சதவீதம், அதாவது 1,600 மட்டும்தான் உங்களுடையது. அது 5 நிமிஷம் 40 நொடிக்கு வரும். டைமரை 4 நிமிஷம் 40 நொடியில் வையுங்கள். அந்த ஒரு நிமிஷம், முதல் தடவை இறக்க வரும்போது மாடு குறுக்கே வந்தால் சுற்றிவர. டைமர் அடித்து இறக்கிய பேக் அன்றைக்கு மறுபடி பறக்கக் கூடாது, செக்கர் என்ன சொன்னாலும் சரி.

ஈ.எஸ்.சி. அடக்கட்டும், அப்புறம் இறக்கிக்கலாம் என்று இருப்பது

அது பேட்டரியைச் சாகவிடாமல் காப்பாற்றக் கடைசியாக இருக்கிற ஏற்பாடு. விமானத்தைக் காப்பாற்றுவது அதன் வேலை இல்லை. மோட்டார் அடங்கினாலும், சிக்னலை வாங்குகிற ரிசீவருக்கும் எலிவேட்டர் போன்றவற்றை அசைக்கிற சர்வோக்களுக்கும் மின்சாரம் போய்க்கொண்டிருக்கும், ஆகவே கட்டுப்பாடு உங்கள் கையில்தான். மூக்கைச் சற்றுத் தாழ்த்தி, எதிரே கிடைக்கிற இடத்தில் இறக்குங்கள். த்ராட்டிலை முழுக்கக் கீழே கொண்டுவந்து, பிறகு கொஞ்சமாகத் திறந்தால் சில நொடிகளுக்கு மோட்டார் சுற்றக்கூடும். அது வேலியைத் தாண்டுவதற்கு. ஒரு ரவுண்டு அடிப்பதற்கு அல்ல.

இன்னொன்று: சில ஈ.எஸ்.சி.கள் செருகியதும் வோல்ட்டைப் பார்த்துத்தான் எத்தனை செல் என்று ஊகிக்கும். பாதி தீர்ந்த பேக்கைச் செருகினால் ஊகம் தப்பி, அடக்க வேண்டிய அளவும் தப்பிவிடும். செருகியதும் அது எழுப்புகிற பீப் சத்தத்தை எண்ணிப் பழகுங்கள்.

பஸ்ஸரை 3.3-லேயே விடுவது

வோல்ட் குறைந்தால் கத்துகிற பஸ்ஸரை செல்லுக்கு 3.5-க்கு மாற்றுங்கள். காற்று எதிர்த்திசையில் அடித்தால் அதுவும் காதில் விழாது.

மொத்த வோல்ட்டை மட்டும் பார்ப்பது

11.1 என்று காட்டும். மூன்றும் 3.7 ஆகவும் இருக்கலாம், இரண்டு 3.8, ஒன்று 3.5 ஆகவும் இருக்கலாம். இரண்டாவது பேக்கில் அந்த நோஞ்சான் செல்தான் உங்கள் பேட்டரி. மற்ற இரண்டும் கூட்டத்துக்கு வந்தவை.

அடுத்தவர் டைமரைக் கடன் வாங்குவது

“உங்களுக்கு எத்தனை நிமிஷம்ணா வருது?” என்று கேட்டு அதையே வைத்துக்கொள்கிறார்கள். என் ப்ரொபெல்லர் வேறு, எடை வேறு, என் விரல் வேறு. லூப் அடிக்கிறவனும் மாலை நடை மாதிரி வட்டமடிக்கிறவனும் ஒரே விமானத்தை வைத்திருந்தாலும் டைமர் ஒன்றாகாது. த்ராட்டிலை ஏற்றினால் வேகமாக ஓடுகிற டைமர் உங்கள் டிரான்ஸ்மிட்டரில் இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள். செலவான எம்ஏஎச்சையே எண்ணி அனுப்புகிற கரண்டு சென்சார் மாட்ட வசதி இருந்தால் இன்னும் நல்லது.

சேலத்துக் கணக்கை மலைக்கு எடுத்துப் போவது

சேலம் 280 மீட்டர் உயரத்துக்குள், ஏற்காடு 1,500 மீட்டர். மேலே காற்றின் அடர்த்தி ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு குறைவு. அதே எடையைத் தாங்க விமானம் சுமார் 5 சதவீதம் வேகமாகப் பறந்தாக வேண்டும், அதற்கேற்பக் கரண்டும் செலவாகும். அதைவிடப் பெரிய செலவு குளிர். நான் இப்போது பேக்குகளைத் துண்டில் சுற்றி, சட்டைக்கும் ஸ்வெட்டருக்கும் நடுவே வைத்துக்கொள்கிறேன். பார்க்கிறவர்கள் முறுக்குப் பொட்டலம் என்று நினைக்கிறார்கள். டைமரில் ஒரு நிமிஷம் குறைக்கிறேன். ஏறிய உடனே முழு த்ராட்டில் கொடுப்பதில்லை. பாதி த்ராட்டிலில் ஒரு வட்டம் அடித்தால் பேக் தானாகவே சூடாகிவிடும்.

சேலத்து வெயிலுக்கு இதற்கு நேர் எதிர்: பூட்டிய காருக்குள் பேக்கை விடாதீர்கள்.

பேக்கின் மேல் அச்சிட்ட எண்ணை நம்புவது

அது பிறந்த அன்றைய எடை. மூன்று மாதத்துக்கு ஒரு தடவை சார்ஜரிலேயே முழுக்க ஏற்றி, இறக்கி, மறுபடி ஏற்றி நிஜக் கொள்ளளவைப் பாருங்கள். டேப் ஒட்டி, தேதி போட்டு, பேக்கின் மேலேயே எழுதுங்கள்.

பனமரத்துப்பட்டிப் பையனிடமும் வீட்டுக்குப் போய் சார்ஜ் போட்டுவிட்டு எண்ணைச் சொல்லச் சொல்லியிருந்தேன். ராத்திரி ஒன்பதரைக்கு மெசேஜ் வந்தது. “அண்ணா, 1,910 ஏறியிருக்குண்ணா.”

அவன் பேக்கின் மேல் அச்சிட்டிருப்பது 2,200. வாங்கி ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறதாம்.