கிளுவை வேலியோரம் விடத்தேரை வளர்ப்பது எப்படி?

விடத்தேரைப் பூவைக் கையில் ஏந்திப் பார்த்திருக்கிறீர்களா? ஒரே கதிரில் இரண்டு நிறம். காம்பை ஒட்டிய பாதி இளஞ்சிவப்பு இழைகள். தொங்கும் நுனிப் பாதி மஞ்சள். இளஞ்சிவப்புப் பூக்கள் மலடு, மஞ்சள்தான் காய்க்கும். காங்கேயம், மூலனூர்ப் பக்கத்துக் கொரங்காடுகளில், அதாவது வேலியடைத்த மேய்ச்சல் காடுகளில், வெள்வேலுக்கும் கொழுக்கட்டைப் புல்லுக்கும் நடுவே நிற்கிற முள்செடி இது. காடு மனைகளாகும் இடங்களில் இதை யாரும் விட்டுவைப்பதில்லை. எனக்கு அது பொறுக்கவில்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில் விதை. காய்கள் சுருண்டு, கொத்தாகப் பழுப்பேறியதும் காட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு பறியுங்கள். ஆடுகளுக்கு இந்தக் காய் மிகவும் பிடிக்கும். தாமதித்தால் உங்களுக்கு மிஞ்சாது.

அடுத்தது, பலரும் தவறவிடும் வேலை. விதையின் மேல்தோல் கல் போன்றது. நான் முதல் தடவை அப்படியே விதைத்துவிட்டு ஒரு மாதம் தண்ணீர் ஊற்றினேன், ஒன்றுகூட முளைக்கவில்லை. தண்ணீரைக் கொதிக்கவைத்து, அடுப்பிலிருந்து இறக்கி, விதைமேல் ஊற்றி, இரவு முழுவதும் அப்படியே ஆறவிடுங்கள். காலையில் சில விதைகள் உப்பியிருக்கும். அவற்றை மட்டும் விதையுங்கள். உப்பாதவற்றுக்கு மறுபடி வெந்நீர்.

செம்மண், மணல், மக்கிய சாணம் சம அளவில் கலந்து பைகளில் நிரப்பி, அரை விரற்கடை ஆழத்தில் ஊன்றினால் போதும். ஆணிவேர் வேகமாக இறங்கும் என்பதால் நீளமான பையே நல்லது. அடியில் வேர் சுருள விடாதீர்கள். கன்று ஒரு சாண் வளர்ந்ததும் நட்டுவிட வேண்டும்.

நடுவதற்கு ஐப்பசி மழை தொடங்கும் நேரம் பொருத்தம். ஆடிக் காற்றில் நட்டால் பாலக்காட்டுக் கணவாய் வழியே வரும் காற்று இளங்கன்றை உலர்த்திவிடும். ஒன்றரை அடிக் குழி, சரிவின் கீழ்ப்பக்கம் பிறை வடிவில் சிறு கரை, சுற்றிலும் ஆடு வாய்வைக்காதபடி முள். உரம் வேண்டாம். இது பயறு இனம், வேர் முடிச்சுகளிலேயே தழைச்சத்தைச் சேர்த்துக்கொள்ளும். முதல் கோடையில் மட்டும் வாரம் ஒரு குடம் தண்ணீர்.

இடத்தைத்தான் நிறைய யோசிக்க வேண்டும். விடத்தேரை பக்கவேரிலிருந்து புதுக்கன்றுகளைக் கிளப்பும். ஏர் பட்டு வேர் அறுந்தால் இன்னும் அதிகம். உழவுக் காட்டுக்குள் நட்டுவிட்டுப் பிறகு செடியைத் திட்டாதீர்கள். உழாத மேய்ச்சல் காடு, முள்கிளுவை வேலியின் உட்புறம், ஓடைக்கல் நிறைந்த மேடு ஆகியவை அதற்கு ஏற்றவை. அங்கே சீமைக் கருவேலம் இருந்தால், வேரோடு எடுத்த பிறகே நடுங்கள்.

கொத்தாகக் கன்று கிளம்பினால் நெருக்கமானவற்றை இரண்டாம் ஆண்டில் கழித்துவிடுங்கள். கழித்த முள்ளை அடுத்த கன்றைச் சுற்றி வைக்கலாம்.