ஆர்.வி. கூரையைப் பராமரித்து மறுபடி சீல் செய்வது எப்படி? முதன்முறை ஏறுபவர்களுக்கான செய்முறை

ஆர்.வி. எனப்படும், வீடுபோல உள்ளேயே தங்கிப் பயணிக்கும் வண்டியை வாங்கிய புதிதில் எல்லோரும் டயரில் காற்று பார்க்கிறார்கள், பேட்டரியைப் பார்க்கிறார்கள், கழிவுநீர்த் தொட்டியைப் பற்றி நூறு கேள்வி கேட்கிறார்கள். கூரையைப் பற்றிக் கேட்பவர் குறைவு. தரையில் நின்றால் கண்ணில் படாத இடம் என்பதால் அது நினைவிலும் இருப்பதில்லை. ஆனால் ஒரு ஆர்.வி.யை உள்ளிருந்து அரித்துத் தீர்ப்பதில் மழைநீரை மிஞ்ச எதுவும் கிடையாது. கூரையின் மேலுறைக்கு அடியில் இருப்பது மெல்லிய பலகை. பல வண்டிகளின் சுவருக்குள் இருப்பதும் மரச்சட்டம்தான். ஒரு திருகாணித் துளை வழியே இறங்கும் நீர், யாருக்கும் தெரியாமல் மாதக்கணக்கில் அந்த மரத்தை ஊறவைக்கும். உட்கூரையில் பழுப்புக் கறை தெரிகிற நாளில் பலகை மக்கத் தொடங்கியிருக்கும்.

இதைத் தடுக்க மெக்கானிக் தேவையில்லை. ஒரு வார இறுதியும், இடைவெளிகளை அடைக்கும் பசையான சீலண்ட் சில டியூபும், பொறுமையும் இருந்தால் போதும். ஒன்றை மட்டும் முதலிலேயே மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள்: விரிந்து கிடக்கும் கூரையின் நடுப்பரப்பு ஒழுகுவது அபூர்வம். துளை போட்டு எதையாவது பொருத்திய இடங்களிலும், இரண்டு பாகங்கள் சேரும் மூட்டுகளிலும்தான் நீர் நுழைகிறது. நம் வேலை பெரும்பாலும் அந்த ஓரங்களில்தான். கூரை முழுவதற்கும் வெள்ளைப் பூச்சு அடித்துவிட்டால் தீர்ந்தது என்று யாராவது சொன்னால் அவசரப்படாதீர்கள். மூட்டில் பிளவு இருக்கும்போது மேலே அடிக்கும் பூச்சு அதைக் கண்ணிலிருந்து மறைக்கும். நீண்ட நாள் அடைக்காது.

உங்கள் கூரை எந்த வகை?

அமெரிக்க ஆர்.வி.களில் பெரும்பகுதி இந்தியானா மாநிலத்தின் எல்க்ஹார்ட் வட்டாரத்தில்தான் தயாராகிறது. அங்கிருந்து வரும், வேறொரு வாகனம் இழுத்துச் செல்லும் வகை வண்டிகளின் கூரையில் அதிகம் காணப்படுபவை ஈ.பி.டி.எம். என்ற ரப்பர் விரிப்பும் டி.பி.ஓ. என்ற பிளாஸ்டிக் வகை விரிப்பும். இப்போது பி.வி.சி. விரிப்பும் வருகிறது. விலை உயர்ந்த சில வண்டிகளில் ஃபைபர் கிளாஸ் கூரை இருக்கும்.

பழைய கூரை என்றால் உள்ளங்கையால் தேய்த்துப் பாருங்கள். சுண்ணாம்புத்தூள் போல வெள்ளையாக ஒட்டினால் பெரும்பாலும் ஈ.பி.டி.எம். இன்னும் உறுதியாகத் தெரியவேண்டுமானால் வண்டிக்குள் போய், உட்கூரையில் உள்ள காற்றுப்போக்கியின் பிளாஸ்டிக் சட்டத்தைக் கழற்றுங்கள். நான்கைந்து திருகாணிகள்தான் இருக்கும். துளையின் விளிம்பில் கூரைப் பலகையின் வெட்டுமுகமும், அதன்மேல் மடித்துவிட்ட விரிப்பின் நுனியும் தெரியும். விரிப்பின் அடிப்பக்கம் கறுப்பாக இருந்தால் ஈ.பி.டி.எம்.; வெள்ளையாகவோ சாம்பல் நிறமாகவோ இருந்தால் டி.பி.ஓ.வாக இருக்க வாய்ப்பு அதிகம். சட்டத்தைத் திரும்ப மாட்டுவதற்கு முன் அந்தப் பலகையின் விளிம்பை விரலால் சுற்றித் தடவிப் பாருங்கள். காய்ந்து, கெட்டியாக, மர நிறத்தில் இருந்தால் நிம்மதி. கருத்திருந்தால், நகம் பதிந்தால், அந்தத் துளையின் மேற்பக்கம்தான் நாளை நீங்கள் முதலில் பார்க்கவேண்டிய இடம். ஐந்து நிமிடத்தில் முடிகிற இந்தச் சோதனையை எல்லோரும் செய்யவேண்டும் என்பேன்.

ஒஹாயோவில் தயாராகும் ஏர்ஸ்ட்ரீம் போன்ற அலுமினிய வண்டிகளுக்கு வேறு வகை சீலண்டும் வேறு முறையும் உண்டு. இந்தச் செய்முறை அவற்றுக்குப் பொருந்தாது.

வாங்கவேண்டியவை

தானே சமமாகப் பரவும் லாப் சீலண்ட் முதல் தேவை. டைகார் என்ற பெயரில் வருவது பரவலாகக் கிடைக்கும். உங்கள் விரிப்புக்குப் பொருந்தும் என்று டியூபில் எழுதியிருப்பதைப் பார்த்து வாங்குங்கள். வழக்கமான டியூப் 10.3 அவுன்ஸ் கொண்டது. ஒரு காற்றுப்போக்கியைச் சுற்றித் தாராளமாக ஓட்ட ஏறக்குறைய ஒரு டியூப் என்று கணக்கு வைத்துக்கொள்ளலாம். இதோடு, சரிவிலும் செங்குத்தான ஓரங்களிலும் பயன்படுத்த வழியாத வகை சீலண்ட் ஒன்றிரண்டு டியூப், சீலண்ட் துப்பாக்கி, பிளாஸ்டிக் சுரண்டி, ஐசோபுரொப்பைல் ஆல்கஹால், பழந்துணி, நடுத்தர மென்மையுள்ள நீளக்கைப்பிடி பிரஷ், கையுறை ஆகியவை வேண்டும். விரிப்பில் கிழிசல் இருந்தால் மட்டும் எட்டர்னாபாண்ட் போன்ற ஒட்டுநாடா.

வாங்கக்கூடாதது ஒன்று உண்டு: குளியலறைக்குப் பூசும் சிலிக்கான். விலை மலிவு, எந்தக் கடையிலும் கிடைக்கும் என்று ஆசை காட்டும். ரப்பர் விரிப்பில் அது சரியாகப் பிடிக்காது. அதைவிடக் கொடுமை, சிலிக்கான் ஒருமுறை பட்ட இடத்தில் பிறகு வேறு எந்த சீலண்டும் ஒட்டாது. புதுச் சிலிக்கான்கூட ஒழுங்காக ஒட்டாது. முந்தைய உரிமையாளர் பூசிவைத்த சிலிக்கானைச் சுரண்டி எடுப்பது, இந்த வேலையிலேயே மிகவும் சலிப்பூட்டும் பகுதி.

ஏறுவதற்கு முன்

கூரை தரையிலிருந்து 10 முதல் 13 அடி உயரம். கீழே விழுந்தால் உயிருக்கே ஆபத்து. காற்றடிக்கும் நாளிலும் பனி ஈரம் காயாத காலையிலும் ஏறாதீர்கள். தரையில் ஒருவர் துணைக்கு இருக்கட்டும். எல்லாக் கூரையும் ஆள் நடக்கக் கட்டப்பட்டதன்று, கையேட்டில் பாருங்கள். தொழிற்சாலையிலிருந்தே பின்புறம் ஏணி பொருத்தி வந்திருந்தால் நடக்கலாம் என்பதற்கு அது ஓர் அறிகுறி. அப்போதும் மென்மையான அடிப்பாகமுள்ள காலணியோடு, ஒரு பிளைவுட் துண்டைப் போட்டு அதன்மேல் முட்டியிட்டு வேலை செய்தால் எடை பரவும். கால் வைத்த இடம் மெத்தென்று அமிழ்ந்தால் அங்கே அடிப்பலகை ஊறியிருக்கிறது. அந்த இடத்தை விட்டு விலகுங்கள். அதற்கு சீலண்ட் மருந்தாகாது, பலகையையே மாற்றவேண்டும்.

வண்டியைச் சமதரையில் நிறுத்துங்கள். சாய்ந்து நின்றால் பரவும் சீலண்ட் ஒரு பக்கமாக ஓடிவிடும்.

கழுவுதல்

கூரையில் தண்ணீர் விடும் முன் வண்டியின் பக்கச் சுவர்களை நனைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் மேலிருந்து வழியும் அழுக்குநீர் காய்ந்த சுவரில் கோடுகோடாகப் படிந்துவிடும். மிதமான பாத்திர சோப்புக் கரைசலும் பிரஷும் போதும். மூன்று நான்கு அடிப் பரப்பாகத் தேய்த்து, உடனே அலசி, பின்னோக்கி நகருங்கள். விளிம்பு உங்களுக்குப் பின்னால் எங்கே முடிகிறது என்பது எப்போதும் நினைவில் இருக்கட்டும். ஈரக் கூரை வழுக்கும்.

பெட்ரோலியக் கரைப்பான் கலந்த எந்தக் கிளீனரும் ஈ.பி.டி.எம். மேல் படக்கூடாது. ரப்பர் உப்பிப் பலகையிலிருந்து கிளம்பிவிடும். எலுமிச்சை, ஆரஞ்சு எண்ணெய் கலந்தவற்றையும் தவிருங்கள். உயர் அழுத்த நீர்ப்பீச்சியை மூட்டுகளின் அருகே கொண்டுபோகாதீர்கள்; நன்றாக இருக்கும் ஓரத்தையும் அது பெயர்த்துவிடும்.

கழுவியபின் நன்றாகக் காயவிடுங்கள். அவசரக்காரர்கள் கோட்டைவிடுவது இங்கேதான். ஈரத்தின்மேல் போட்ட சீலண்ட் நன்றாகப் பிடித்ததுபோல் காட்டி, அடுத்த குளிர்காலத்தில் கிளம்பிவிடும்.

எங்கே பார்ப்பது, எப்படிப் பார்ப்பது

முன்பக்க முகப்பும் கூரையும் சேரும் குறுக்கு மூட்டிலிருந்து தொடங்குங்கள். நெடுஞ்சாலையில் மணிக்கு 60 மைல் வேகத்தில் மழையைக் காற்று அறைவது அந்த இடத்தில்தான். வண்டி குலுங்கும்போது இரண்டு பாகங்களும் தனித்தனியாக அசைவதும் அங்கேதான். பிறகு பின்பக்க மூட்டு, காற்றுப்போக்கிகள், குளியலறை ஸ்கைலைட் (வெளிச்சம் வரும் கூரைச் சாளரம்), கழிவுநீர்க் குழாயின் மூடி, குளிர்சாதனப் பெட்டியின் புகைவழி, ஆண்டெனா, ஏணியின் கால்கள். இருபுறமும் நீளவாக்கில் ஓடும் அலுமினியப் பட்டையை மறந்துவிடாதீர்கள். அதன் திருகாணிகளை மூடும் பிளாஸ்டிக் நாடா வெயிலில் சுருங்கி, இரு முனைகளிலும் குறைந்துபோயிருக்கும். அப்படித் திறந்து கிடக்கும் திருகாணிகளில் துரு தெரிந்தால் நீர் உள்ளே போகிறது.

பழைய சீலண்டின் மேற்பரப்பு, வற்றிய குளத்துச் சேறுபோல நுண்ணிய வெடிப்புகளோடு இருக்கும். அரிசோனாவின் குவார்ட்ஸைட் பாலைவனத்தில் குளிர்காலம் கழிக்கும் வண்டிகளில் இது சர்வ சாதாரணம். புதிதாகப் பார்ப்பவர் இதைக் கண்டு பயந்துவிடுகிறார். மேலோட்டமான வெடிப்பு உடனடி ஆபத்தில்லை. கவனிக்கவேண்டியது விளிம்பை. கட்டைவிரல் நகத்தை சீலண்டின் ஓரத்தில் வைத்து மெல்ல நெம்புங்கள். அசையாமல் இருந்தால் பிடிப்பு நன்றாக இருக்கிறது. மெல்லிய இடைவெளி திறந்து, அதற்குள் கருப்பாக அழுக்கு தெரிந்தால், நீர் அந்த வழியாகப் போய்வந்துகொண்டிருக்கிறது. திருகாணித் தலைகளின் மேல் குமிழாக வைத்த சீலண்டில் ஊசிமுனைத் துளைகள் இருக்கின்றனவா என்றும் பாருங்கள். குமிழ் மேலே தூக்கி நின்றால் அடியில் உள்ள திருகாணி குலுக்கலில் கழன்று எழும்புகிறது.

ஏ.சி.யைச் சுற்றி சீலண்ட் போடாதீர்கள். 14 அங்குலச் சதுரத் துளையின் மேல் தடித்த ரப்பர் வாஷர் வைத்து, உள்ளிருந்து நான்கு போல்ட்டுகளால் இறுக்கித்தான் அதை உட்காரவைக்கிறார்கள். அங்கே ஒழுகினால் கையேடு சொல்லும் அளவுக்கு போல்ட்டைச் சமமாக இறுக்குங்கள், அல்லது வாஷரை மாற்றுங்கள். வெளியே சுற்றிப் பூசினால் ஏ.சி.யிலிருந்து வடியும் நீர் வெளியேற வழியின்றித் தேங்கி உள்ளே இறங்கும்.

பழையதை எடுப்பதும் புதியதை ஓட்டுவதும்

எல்லாப் பழைய சீலண்டையும் சுரண்டவேண்டியதில்லை. உறுதியாகப் பிடித்திருப்பதும், நீங்கள் போடப்போகும் அதே வகையும் என்றால், அதன்மேலேயே புதியதை ஓட்டலாம். கிளம்பியதை, உரிந்ததை, சிலிக்கானாக இருப்பதை மட்டும் எடுங்கள். பிளாஸ்டிக் சுரண்டியைப் படுக்கைவாட்டில் வைத்துத் தள்ளுங்கள். உலோகக் கத்தி ஒரு நொடி சறுக்கினால் விரிப்பு கிழிந்துவிடும். பிடிவாதமான இடத்தில் சூடான காற்று வீசும் ஹீட் கன்னைத் தூரத்தில் பிடித்து இளஞ்சூடு காட்டினால் இளகும். அதிகச் சூடு விரிப்பைச் சுருக்கிவிடும்.

காற்றுப்போக்கியின் அடித்தட்டே ஆடினால் மேலே பூசிப் பயனில்லை. திருகாணிகளைக் கழற்றி, தட்டைத் தூக்கி, அடியில் காய்ந்துபோன பியூட்டைல் நாடாவை (பிசுபிசுப்பான ரப்பர் நாடா) முழுவதும் வழித்தெடுத்து, புது நாடா ஒட்டி, மறுபடி திருகி இறுக்குங்கள். நீரைத் தடுக்கும் முதல் அரண் அந்த நாடாதான். மேலே தெரியும் வெள்ளை சீலண்ட் அதற்குக் காவல்.

இனி, புதிதாக ஓட்டப்போகும் இடத்தை ஆல்கஹாலில் நனைத்த துணியால் துடையுங்கள். துணி கறுத்தால் வேறு துணி எடுத்து மறுபடி துடையுங்கள். வெப்பநிலை 50 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு மேல் இருக்கவேண்டும். ஒரு நாளாவது மழை வராது என்று தெரிந்திருக்கவேண்டும். டியூபின் நுனியைச் சாய்வாக வெட்டி, உள்ளே இருக்கும் மெல்லிய மூடியைக் குத்தித் திறந்து, அடித்தட்டின் விளிம்பு நெடுகப் பாதி தட்டிலும் பாதி கூரையிலும் விழுமாறு நிதானமாக ஓட்டுங்கள். பிறகு திருகாணித் தலை ஒவ்வொன்றின் மேலும் ஒரு குமிழ். விரலாலோ கத்தியாலோ நிரவாதீர்கள். சில நிமிடங்களில் அது தானே பரவி, ஓரங்களை மூடிச் சமமாகிவிடும். பக்கவாட்டை நோக்கிக் கூரை சரியும் இடங்களிலும் முன் முகப்பின் வளைவிலும் வழியாத வகையைப் பயன்படுத்துங்கள். இரண்டிலும் கரைப்பான் வாடை உண்டு என்பதால் கூரைத் துவாரங்களை மூடிவைத்துவிட்டு வேலை செய்யுங்கள்.

விரிப்பில் மரக்கிளை கிழித்த கீறல் இருந்தால், சுற்றிலும் இரண்டு அங்குலம் சுத்தம் செய்து, ஒட்டுநாடாவை நேராக வைத்து, சிறு உருளையால் அழுத்தித் தேயுங்கள். ஒட்டியபின் நகர்த்த முடியாது. பிறகு உரிக்கவும் முடியாது. ஆகவே மூட்டுகளில் எல்லாம் நாடாவை ஒட்டிவிடலாம் என்ற யோசனை எனக்கு உவப்பானதில்லை. அடியில் உள்ள திருகாணியை என்றாவது தொடவேண்டி வந்தால் நாடாவை அறுத்துத்தான் எடுக்கவேண்டும்.

தண்ணீர்விட்டுச் சோதித்தல்

மேற்பரப்பு சில மணி நேரத்தில் காய்ந்துவிடும். உள்வரை முழுதும் இறுக ஒரு மாதம்வரைகூட ஆகலாம். இரண்டு நாள் கழித்துத் தோட்டக் குழாயால் மெதுவாக நீர்விட்டுச் சோதியுங்கள். தாழ்வான ஓரத்தில் தொடங்கி மேடான பக்கம் நகருங்கள். ஒவ்வொரு இடத்திலும் சில நிமிடம் நீர் விடவேண்டும். உள்ளே ஒருவர் டார்ச்சோடு நின்று பார்க்கவேண்டும். மேட்டிலிருந்து தொடங்கினால் நீர் எல்லா மூட்டுகளின்மீதும் ஓடி, எது ஒழுகுகிறது என்று பிரித்தறிய முடியாமல் போகும். உள்ளே சொட்டுகிற இடத்துக்கு நேர் மேலேதான் ஓட்டை இருக்கும் என்றும் எண்ணாதீர்கள். நீர் பலகையின் அடியில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு பல அடி தூரம் நகர்ந்து வந்து சொட்டும்.

பல தயாரிப்பாளர்களின் கையேடுகள் 90 நாளுக்கு ஒருமுறை மூட்டுகளைப் பார்க்கச் சொல்கின்றன. மின்னசோட்டா, மிச்சிகன் போன்ற உறைபனி மாநிலங்களில் வண்டியைக் குளிர்காலத்துக்கு நிறுத்தும் முன்பும், வசந்தத்தில் எடுக்கும்போதும் கட்டாயம் பாருங்கள். விரிசலுக்குள் புகுந்த நீர் உறைந்து விரியும்போது சிறு பிளவும் பெரிதாகிவிடும். ஒவ்வொரு முறையும் அதே மூட்டுகளை அதே கோணத்தில் செல்பேசியில் படமெடுத்துத் தேதியோடு வையுங்கள். இரண்டு படங்களை அருகருகே வைத்தால் எந்த ஓரம் கிளம்பத் தொடங்கியிருக்கிறது என்பது தெரிந்துவிடும். உத்தரவாதக் காலத்தில் தயாரிப்பாளரிடம் இழப்பீடு கேட்கவேண்டி வந்தால், பராமரித்தீர்களா என்ற கேள்விக்கும் அந்தப் படங்களையே காட்டலாம்.