மிஞ்சி நிற்கும் சொல்: சங்கேதக் குறுக்கெழுத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சங்கேதக் குறுக்கெழுத்தில் குறிப்பு விடையை நேராகச் சொல்லாது, சொல்விளையாட்டில் ஒளித்துவைக்கும். அதில் புதிதாக இறங்கிய ஒருவர் போன வாரம் ஒரு விடையையும், குறிப்பிலிருந்து அது எப்படி வந்தது என்ற விளக்கத்தையும் என்னிடம் காட்டினார். குறிப்பில் எட்டுச் சொற்கள் இருந்தன. விளக்கம் ஐந்தோடு முடிந்துவிட்டது. "மீதி மூன்று சொற்கள் எதற்கு?" என்று கேட்டேன். "அவை அலங்காரம்" என்றார். பல ஆண்டுகளுக்கு முன் நானும் இதே பதிலைச் சொல்லி அசிங்கப்பட்டிருக்கிறேன். அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

கட்டங்களை எண்ணாமல் எழுதுவது, பேனாவால் எழுதிவிட்டு அடிப்பது போன்றவற்றைப் பற்றி நான் பேசப்போவதில்லை. அவற்றை முதல் வாரத்திலேயே கட்டங்கள் கற்றுத்தந்துவிடும்.

குறிப்பு சொல்லும் கதையை நம்புவது

"நகரம் குழம்பினால் பாவிகள் போகுமிடம் (4)". அடைப்புக்குறிக்குள் இருப்பது விடையின் எழுத்து எண்ணிக்கை. இதைப் படித்தவுடன் நெரிசலும் கூச்சலும் நிறைந்த ஊர் ஒன்று மனத்தில் விரியும். அப்படி விரியட்டும் என்றுதான் புதிர் அமைத்தவர் எழுதியிருக்கிறார். அந்தக் கதைக்கும் விடைக்கும் சம்பந்தமில்லை. குறிப்பின் ஒரு முனையில் விடையின் நேர்பொருள் இருக்கும். இங்கே அது "பாவிகள் போகுமிடம்". மறுமுனையில் சொல்விளையாட்டு. ந, க, ர, ம் என்ற நான்கு எழுத்துகளையும் குழப்பினால் நரகம்.

தமிழில் இன்னொரு தொல்லையும் உண்டு. வேற்றுமை உருபு சொல்லோடு ஒட்டிக்கொண்டு வரும். "மரத்தின் நடுவில்" என்று குறிப்பு சொன்னால், மரம் என்ற சொல்லின் நடு எழுத்தான ர-வை எடுக்க வேண்டும். புதியவர்கள் "மரத்தின்" என்பதையே ஐந்து எழுத்தாக எண்ணி, நடுவிலிருக்கும் த்-ஐ எடுத்துக்கொண்டு மணிக்கணக்கில் திண்டாடுகிறார்கள். உருபைக் கழற்றிவிட்டு எண்ணுங்கள்.

விடைக்கு ஏற்ற விளக்கத்தைத் தைப்பது

இது மற்றத் தவறுகளைப் போல ஒரு கட்டத்தோடு நிற்பதில்லை. இன்றும் யாராவது இதைச் செய்யக் கண்டால் எனக்கு எரிச்சல் வருகிறது. பாதி எரிச்சல் என்மேல்தான்.

என்னைக் கவிழ்த்த குறிப்பு இது: "உலகின் நடுவைத் தன்னுள் வைத்த இறைவன் வெளிச்சம் தருபவன் (5)". கடைசி இரண்டு கட்டங்களில் வ, ன் என்ற எழுத்துகள் நெடுக்கு விடைகளிலிருந்து ஏற்கெனவே விழுந்திருந்தன. வெளிச்சம் தருபவன், ஐந்தெழுத்து, முடிவு "வன்". வேறென்ன, கதிரவன்! யோசிக்காமல் எழுதினேன்.

அதோடு நிறுத்தியிருந்தால்கூடப் பரவாயில்லை. உடன் புதிர் விடுவிக்கும் நண்பர்களுக்கு விளக்கமும் எழுதி அனுப்பினேன். கதிர் + அவன். "அவன்" என்றால் இறைவன், அவனன்றி ஓரணுவும் அசையாதல்லவா? கோள்களுக்கெல்லாம் நடுவில் கதிரவன் இருப்பதால் "உலகின் நடு". "தன்னுள் வைத்த" என்பது கவிதை நயம். எழுதி முடித்ததும் எனக்கே பெருமையாக இருந்தது. இரண்டு நண்பர்கள் பாராட்டினார்கள். மூன்றாமவர் தான் சரியாக எழுதியிருந்ததை அழித்துவிட்டு என் விடையை எழுதிக்கொண்டார்.

முதல் கட்டத்திலிருந்து கீழே இறங்கும் குறிப்பு: "பயணம் தடுமாற, சூதாடி வைத்தது (4)". பயணத்தின் எழுத்துகளைக் கலைக்க வேண்டும் என்பது சிறு பிள்ளைக்கும் புரியும். ஆனால் நான் முதல் கட்டத்தில் க-வை எழுதியிருக்கிறேனே! பயணத்தில் க இல்லை. அந்த நேரத்தில் புத்தியுள்ளவன் குறுக்கு விடையைச் சந்தேகப்பட்டிருப்பான். நான் அச்சுப் பிழை என்று முடிவுகட்டி, புதிர் அமைத்தவருக்குக் கடிதமே எழுதினேன். ஒரு வரியில் பதில் வந்தது: "முதல் குறள் ஞாபகம் இருக்கிறதா?"

அகர முதல எழுத்தெல்லாம் ஆதி பகவன் முதற்றே உலகு. பகவனும் அங்கே இருக்கிறார், உலகும் இருக்கிறது. உலகு என்ற சொல்லின் நடு எழுத்து ல. அதைப் பகவன் தன்னுள் வைத்துக்கொண்டால் பக(ல)வன், அதாவது பகலவன். முதல் கட்டத்தில் ப வந்துவிட்டதால் நெடுக்கில் பணயம் தானாக விழுந்தது. குறிப்பில் ஒரு சொல்கூட வீணாகவில்லை. என் விளக்கத்திலோ "தன்னுள் வைத்த" என்பது அந்தரத்தில் தொங்கியது. அதற்கு நயம் என்று பெயர் சூட்டி மறைத்திருந்தேன்.

அந்த விளக்கத்தில் இன்னொரு திருட்டும் இருந்தது. சூரியன் என்ற பொருளை இரண்டு முறை செலவழித்தேன்: நேர்பொருளுக்கு ஒரு முறை, "உலகின் நடு" என்பதற்கு மறுபடி ஒரு முறை. சொல்விளையாட்டு எழுத்துகளைத் தர வேண்டும். என்னுடையது பொருளைத்தான் மறுபடி தந்தது. "கதி" எங்கிருந்து வந்தது, "ர" எங்கிருந்து வந்தது என்று யாராவது கேட்டிருந்தால் என்னிடம் பதில் இருந்திருக்காது. பாராட்டிய இருவரும் கேட்கவில்லை.

ஆங்கிலத்தில் 1939 முதல் அப்சர்வர் இதழில் ஸிமினீஸ் என்ற புனைபெயரில் புதிர் அமைத்தவரின் வழிவந்தவர்கள் இதை ஒரு சட்டமாகவே வைத்திருக்கிறார்கள்: குறிப்பில் துல்லியமான நேர்பொருள் இருக்க வேண்டும், நியாயமான சொல்விளையாட்டு இருக்க வேண்டும், வேறு எதுவும் இருக்கக் கூடாது. இரண்டையும் இணைக்கும் "ஆல்", "ஆக" போன்ற ஒட்டுகளுக்கு மட்டும் மன்னிப்பு உண்டு. எல்லாப் புதிர் அமைப்பாளர்களும் இவ்வளவு கறாராக இருப்பதில்லை என்பது உண்மைதான். ஆனால் மிஞ்சிய சொல்லைக் கண்டதும் புதிர் அமைத்தவர் தளர்ந்துவிட்டார் என்று எண்ணுவதைவிட, நாம் தவறிவிட்டோம் என்று எண்ணுவதுதான் பெரும்பாலும் சரியாக வருகிறது.

இப்போது நான் செய்வது இவ்வளவுதான். விடையைக் கையால் மூடிக்கொள்கிறேன். குறிப்பை மட்டும் வைத்து எழுத்து எழுத்தாகக் கட்டிப் பார்க்கிறேன். பயன்பட்ட சொல்லைப் பென்சிலால் கோடிடுகிறேன். கோடு விழாத சொல் இருந்தால், கட்டத்தின் மூலையில் சிறிய கேள்விக்குறி ஒன்று. விளக்கம் பிடிபடாத விடையை எழுதவே கூடாது என்று நான் சொல்லவில்லை, நானும் எழுதுகிறேன். ஆனால் குறுக்கே வரும் விடை மல்லுக்கு நிற்கும்போது முதலில் அழிப்பது கேள்விக்குறி போட்ட கட்டத்தைத்தான்.

எழுத்தை ஒலியாகப் பிரிப்பது

பகலவன் என்பது பகல் + அவன்தானே என்று ஒருவர் வாதாடினார். இலக்கணத்தில் சரி. கட்டங்களில் ல் இல்லை, அ இல்லை, ல மட்டுமே இருக்கிறது. ஒரு கட்டத்துக்கு ஓர் எழுத்து.

புள்ளியை மறப்பது

மெய்யெழுத்தில் தமிழ்ச் சொல் தொடங்காது. நெடுக்கு விடை தொடங்கும் கட்டத்தில் உங்கள் குறுக்கு விடை ஒரு புள்ளி எழுத்தைப் போட்டால், குறுக்கு தவறு. அந்தக் கட்டத்தில் ண, ள, ழ, ற, ன விழுந்தாலும் அதே தீர்ப்புதான். இலவசமாகக் கிடைக்கும் இந்தத் துப்பை வருடக்கணக்கில் புதிர் விடுவிப்பவர்கள்கூடக் கவனிப்பதில்லை.

எல்லாவற்றையும் வெட்டிப் பார்ப்பது

"கழுத்தில் விழுந்தால் மணக்கும், வானில் விழுந்தால் இருட்டும் (2)". இதில் வெட்ட ஒன்றுமில்லை, கலைக்கவும் ஒன்றுமில்லை. இரண்டு பொருளும் ஒரே சொல்தான்: மாலை.

அகராதியை முதலில் திறப்பது

கடைசியில் திறவுங்கள்.

விளக்கத்தில் சந்தேகத்தை மறைப்பது

விடையை மட்டும் சொல்லிவிட்டு "எளிது" என்று முடிப்பவர்களை நான் பொறுத்துக்கொள்வேன். சந்தேகமே இல்லாதவர்போல எழுதுபவர்களைத்தான் பொறுக்க முடிவதில்லை. விளக்கம் எழுதும்போது நேர்பொருள் எது, எழுத்துகள் எங்கிருந்து வந்தன, அவற்றை எப்படிச் சேர்க்கச் சொல்லும் சொல் எது என்று மூன்றையும் தனித்தனியாகக் காட்டுங்கள். பிடிபடாததை "இந்தச் சொல் எனக்குப் பொருந்தவில்லை" என்று வெளிப்படையாக எழுதுங்கள். நான் அப்படி ஒரு வரி எழுதியிருந்தால் அந்த மூன்றாவது நண்பர் பகலவனை அழித்திருக்க மாட்டார். அந்தக் கதையை அவர் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.