ஊட்டிப் பழைய பங்களாவில் விசேஷம் வைக்கப் போகிறீர்களா?

ஊட்டியில் வெள்ளைக்காரர் காலத்துப் பங்களாக்கள் சிலவற்றைப் பழுதுபார்த்து, உணவகமாகவும் விசேஷத்துக்கு விடும் இடமாகவும் நடத்துகிறார்கள். நிச்சயதார்த்தம், அறுபதாம் கல்யாணம் என்று அங்கே ஏதாவது வைக்க ஆசைப்பட்டால், முதலில் அழைப்புப் பட்டியலில் கை வையுங்கள். ஒரு குடும்பம் வாழக் கட்டிய வீடு அது, ஐந்நூறு பேருக்குப் பந்தி போட நினைத்தால் நடக்காது. எண்பது பேர் என்றால் அழகாக இருக்கும்.

இடத்தைப் பகலில் பார்த்துவிட்டு முன்பணம் கொடுக்காதீர்கள். பகல் வெயிலில் எல்லாப் பங்களாவும் அழகுதான். மாலை ஆறு மணிக்கு மேல் போய் அரை மணி நேரம் சும்மா உட்காருங்கள், குளிர் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று அப்போதுதான் தெரியும். சுவரில் கை வைத்துப் பாருங்கள். அந்தக் காலத்துச் சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை வாங்கி வெளியே விட்டுவிடும், அதன்மேல் சிமென்ட் பூசி பெயின்ட் அடித்திருந்தால் ஈரம் உள்ளேயே நின்று பெயின்ட் உப்பிக்கொண்டு வரும், பூஞ்சை வாடையும் வரும். கணப்பில் விறகு எரிப்போம் என்றால் புகைபோக்கியைச் சுத்தம் செய்தார்களா என்று கேளுங்கள். கணப்புதான் இருக்கிறதே என்று ஜன்னலையெல்லாம் இறுக்கி மூடவும் வேண்டாம். தகரக் கூரையா என்று பார்ப்பதும் முக்கியம், நல்ல மழை பிடித்தால் மைக்கில் பேசுவதுகூடக் கேட்காது.

அலங்காரக்காரரை முன்னாடியே ஒரு தடவை கூட்டிப்போய்க் காட்டிவிடுங்கள். சுவரில் ஆணி, மரத்தரையில் இரும்புக்கால் மேடை, இரண்டும் கூடாது. பழைய மரத்துக்கு அந்த ஊரில் தனி மரியாதை உண்டு. செயின்ட் ஸ்டீபன் தேவாலயத்தின் உத்திரங்களே ஸ்ரீரங்கப்பட்டணத்தில் இருந்த திப்புவின் அரண்மனையிலிருந்து மலையேறி வந்தவை. சீரியல் செட், ஹீட்டர் எல்லாம் போடுவதற்கு முன் வயரிங் எவ்வளவு தாங்கும் என்று கேளுங்கள். ஹீட்டரும் காபி மெஷினும் ஒரே லைனில் ஓடினால் முகூர்த்த நேரத்தில் இருட்டு நிச்சயம்.

சாப்பாட்டில்தான் கீழேயிருந்து வருபவர்கள் ஏமாறுகிறார்கள். ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரம், அங்கே தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். கோயம்புத்தூர் மாஸ்டர் அதே கணக்கில் அண்டாவில் பருப்பைப் போட்டால் வேகவே வேகாது. உள்ளூர் சமையல்காரரை வைத்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் பெரிய குக்கர்கள் வேண்டும், நேரமும் கூடுதலாக வேண்டும். இலை போட்டு எல்லாவற்றையும் பரிமாறி முடிப்பதற்குள் சோறு ஆறிவிடும், அதனால் பந்தியைச் சின்னதாக வைத்து, சோற்றைக் கடைசியில் கொண்டுவரச் சொல்லுங்கள். உள்ளூர் அவரையும் உருளைக்கிழங்கும் மெனுவில் இருக்கட்டும். காபியோடு வர்க்கி இல்லாவிட்டால் ஊட்டிக்கு வந்ததற்கே அர்த்தம் இல்லை, என்னைக் கேட்டால்.

தேதியை ஏப்ரல், மே மாதங்களில் வைக்கவே வைக்காதீர்கள். அறை வாடகை ஒரு பக்கம், வண்டிக் கட்டுப்பாடு இன்னொரு பக்கம். 2024 மே 7 முதல், உயர் நீதிமன்ற உத்தரவுப்படி, வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் வந்துவிட்டது. 2025 சீசனில் வார நாட்களில் 6,000, வார இறுதியில் 8,000 வண்டிகள்தான் என்று வரம்பும் போட்டார்கள். விருந்தினர்களை வேனில் ஒன்றாகக் கூட்டிவருவது நல்லது. பெரியப்பா மலை ரயிலில்தான் வருவேன் என்று அடம்பிடித்தால், மேட்டுப்பாளையத்திலிருந்து 46 கிலோமீட்டர்தான், ஆனால் கிட்டத்தட்ட ஐந்து மணி நேரம் ஆகும், முந்தின நாளே ஏற்றிவிடுங்கள். என்னைக் கேட்டால் பிப்ரவரி கடைசி, மார்ச் தொடக்கம். உறைபனி முடிந்திருக்கும், கூட்டமும் வந்திருக்காது.

நீலகிரியில் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்குத் தடை, அதனால் எவர்சில்வர் டம்ளர்களும் வெந்நீருக்கு ஒரு பெரிய பாத்திரமும் எடுத்துவையுங்கள். திறந்தவெளியில் பாட்டுப் போடுவதாக இருந்தால் இரவு பத்து மணிக்கு ஸ்பீக்கரை நிறுத்தியாக வேண்டும். அழைப்பிதழிலேயே "ஸ்வெட்டர் கொண்டு வரவும்" என்று ஒரு வரி அச்சடித்துவிடுங்கள், அப்படியும் பட்டுப்புடவையோடு மட்டும் நாலு பேர் வந்து நிற்பார்கள், அவர்களுக்காகப் பத்து சால்வை தனியாக வாங்கி வையுங்கள்.